பனிக்காலமும் முன்னேற்பாடும்

ஓராண்டினைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளாக நம் முன்னோர் வகுத்தனர். அவற்றுள் கூதிரும் இரு பனிக்காலங்களும் குளிரைத் தருவன. ஆண்டின் செம்பாதி குளிருக்கு உரியதாயின், அதனை எதிர்கொள்ளும் வகையறிதல் இன்றியமையாதது அன்றோ?

அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி, 2024ஆம் ஆண்டில் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பெற்றது. அவ்வேரியை நாடிப் பட்டைத்தலை வாத்துகள் வருகின்றன. நடு ஆசியாவின் நீர்நிலைகள் உறையுமுன்னரே அவை இமயத்தைக் கடந்து தென்திசை நோக்கிப் பறந்துவிடுகின்றன. வருமுன் காக்கும் அறிவு பறவைக்கும் உண்டு.

பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளில் நீர் உறைவதில்லை. ஆயினும் ஐப்பசி மழையும் மார்கழிப் பனியும் முதியோரையும் குழந்தைகளையும் வருத்துவனவே. ஆதலின், மழைக்கு முன்னரே உழவர் கூரையைப் பழுதுபார்ப்பர். விறகையும் வறட்டியையும் நனையா இடத்தில் அடுக்குவர். வைக்கோலைப் போராக வேய்வர். மாட்டுத் தொழுவத்தில் வாடை புகும் பக்கத்தைத் தட்டியால் மறைப்பர். விதை வெங்காயத்தை ஈரந் தாக்காவண்ணம் தரைக்கு மேல் எழுப்பிய பட்டறையில் காப்பர்.

நீலகிரியிலோ உறைபனியே விழுகின்றது. அங்கு வாழும் தோதவரின் பழைய இல்லங்கள் வளைந்த புற்கூரை உடையன. குனிந்து தவழ்ந்து புகத்தக்க சிறு வாயில் ஒன்றே உண்டு, சன்னல் இல்லை. அடுப்பின் வெம்மை உள்ளேயே தங்கும். புகையோ புல்லின் இடுக்குகள் வழியே கசிந்து வெளியேறும்.

இக்காலத்துச் செங்கற்சுவர் அறைக்கு அவ்வழி இல்லை. அதனை இறுக மூடி, உள்ளே கரியடுப்பை மூட்டி உறங்குதல் உயிருக்கே இறுதியாகும். கனலும் கரியினின்று கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுக்காற்று எழுகின்றது. நிறமும் மணமும் அற்ற அது, உறங்குவாரை எழுப்பாமலே கொல்லும். எனவே, கனலை வெளியே வைத்துக் காய்ந்து, அணைத்தபின் உட்செல்க. உறங்குங்கால் கம்பளியே காவல்.

தம்மைக் காத்தல் முன்னேற்பாட்டின் ஒரு பாதியே; பிறரைக் காத்தல் மறுபாதியாகும். மயில் குளிரால் நடுங்கியது எனக் கருதித் தன் போர்வையை ஈந்தான் வள்ளல் பேகன். அத்துணைப் பெருங்கொடை எல்லார்க்கும் இயலாது. ஆயினும், தன் கூரையை வேய்ந்து முடித்தவன், அண்டை வீட்டு மூதாட்டியின் கூரையையும் ஒருமுறை அண்ணாந்து நோக்குதல் இயலும். எஞ்சிய கீற்றுகள் இரண்டு அங்கே போதுமானவையாக இருக்கக்கூடும்.