மூணு பஸ் மாறினால் கடல்!

எருமப்பட்டிக்காரனுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? சின்ன வெங்காயம், கோழிப்பண்ணை, நிமிர்ந்து பார்த்தால் கொல்லிமலை... இவ்வளவுதான் எங்கள் உலகம். அக்கா பையன் அறிவியல் புஸ்தகத்தோடு வந்து, "மாமா, நட்சத்திர மீன் பார்க்கணும். கடலுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றான். மாசக் கடைசி. ராமேஸ்வரம் போய்வர பர்ஸ் சம்மதிக்கவில்லை.

"கடல்தானே? அரியலூருக்குப் போலாம் வா!"

"அங்க சிமென்ட்டுதானுங்க மாமா இருக்கு?" பயல் உஷார்!

துறையூர், பெரம்பலூர், அரியலூர் என்று மூன்று பஸ் மாறுவதற்குள் பாடம் நடத்தி முடித்துவிட்டேன். நட்சத்திர மீன், மீனே இல்லை. மூளை கிடையாது (ஆனாலும் எங்கள் ஆபீஸில் சிலரைவிட ஒழுங்காக வேலை பார்க்கும்). உடம்புக்குள் குழாய் போட்டுக் கடல் தண்ணீரை ஓடவிட்டு, அந்த அழுத்தத்தில் நூற்றுக்கணக்கான குட்டிக் கால்களை நகர்த்தும். பல வகைகள், சிப்பி கிடைத்தால் வயிற்றையே வெளியே தள்ளி ஓட்டுக்குள் நுழைத்து, அங்கேயே ஜீரணம் செய்யும். கை போனால் புதுசு முளைக்கும்!

முள் உருண்டையான கடல் முள்ளெலி, வெள்ளரிக்காய் போன்ற கடல் அட்டை எல்லாம் இதற்குப் பங்காளிகள். முட்தோலிகள் என்ற இந்தக் குடும்பத்தில் இன்று சுமார் 7000 வகை. எல்லார் உடம்பிலும் ஐந்தின் கணக்கு. ஒருத்தர்கூட ஆற்றிலோ குளத்திலோ வாழ மாட்டார். கடல் மட்டும்தான்!

அரியலூர் பக்கம் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம். உள்ளே, உள்ளங்கையில் அடங்கும் போண்டா மாதிரி ஒரு கல். அதன் தலையில் அழகாக ஐந்து இதழ். சுமார் ஏழு கோடி வருஷத்துக்கு முந்தைய கடல் முள்ளெலி! இந்தப் பகுதியில் கிடைத்த இதன் இனத்தாரைப் பற்றி ஸ்டோலிச்கா என்ற ஆய்வாளர் 1873-லேயே எழுதியிருக்கிறார்.

பையன் விரல் விட்டு எண்ணினான். "அஞ்சு! அப்ப... இங்க கடல் இருந்துச்சுங்களா மாமா?"

எருமப்பட்டியிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டரில் கடல்! எனக்கே சிலிர்த்தது.

திரும்பும்போது சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாகப் போயின. "அதுக்குள்ளயும் முள்ளெலி இருக்குமா?" என்றான். இருக்கலாம். அந்தக் கடலின் சேறுதானே இந்தச் சுண்ணாம்புக்கல்? அதுதானே அரைபட்டு சிமென்ட் ஆகிறது? லோன் போட்டு வீடு கட்டியவன் நான். சிமென்ட் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் அரைப்பதற்கு முன்னால் யாராவது ஒரு தடவை பார்த்து, நல்லதை எடுத்து வைத்தால் என்ன? ஏழு கோடி வருஷம் காத்திருந்தது, இன்னும் பத்து நிமிஷம் காத்திருக்காதா?

ராத்திரி வீட்டுச் சுவரில் காதை வைத்தபடி நின்றான் பையன்.

"அலைச் சத்தம் கேக்குதுங்க மாமா!"

நானும் வைத்துப் பார்த்தேன். எனக்கு லோன் தவணைதான் கேட்டது.