பிறவுண் வீதிப் போதனாசிரியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சேர்,

உங்கள் பெயரை எழுதவில்லை. எழுதினால் கோபிப்பீர்கள். பிறவுண் வீதியிலுள்ள யாழ்ப்பாணத் தொழில்நுட்பக் கல்லூரியில் உங்களிடம் மின்னியல் படித்த பொடியள் எவருக்கும் இது யாருக்கான மடல் என்று விளங்கும்.

பரீட்சை முடிவுகள் வரும் காலங்களில் வேலைக்குப் போகும் வீடுகளில் என்னை மறித்து ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "தம்பி, கரண்ட் வேலை கோர்ஸ் படிச்சா எவ்வளவு வரும்?" நான் சொல்லும் பதில் உங்களுடையது. அதற்கான நன்றியை எல்லோரும் வாசிக்கும் இடத்தில் சொல்ல விரும்புகிறேன்.

உங்களிடம் வருமுன்பே நான் ஒரு வயரிங் அண்ணையிடம் கையாளாக நின்று வீட்டுக்குக் கூலி கொண்டுவந்துகொண்டிருந்தேன். அரசாங்கக் கல்லூரியில் முழுநேர வகுப்புக்குக் கட்டணம் இல்லை என்றதும், நட்டமில்லாத காரியம் என்று அம்மா நினைத்தார். நீங்கள்தான் அவரை இருத்திக் கணக்குச் சொன்னீர்கள்.

"அக்கா, சும்மா படிப்பிக்கினம் எண்டு நினைக்காதேங்கோ. பொடியன்ரை கூலிதான் நீங்கள் கட்டப்போற பீஸ். நாளுக்கு 2,000 எண்டு வைப்பம், மாதம் 25 நாள். வருஷத்துக்கு ஆறு லட்சம் ரூபா வீட்டுக்கு வராமல் போகும். பஸ் காசு, ஆயுதங்கள் வேறை. படிச்சு முடிச்சு நாளுக்கு ஆயிரம் கூட உழைச்சாலும் அந்த ஆறு லட்சம் திரும்பிவர ரெண்டு வருஷம் செல்லும்."

அதோடு நிறுத்தியிருந்தால் எல்லோரும் சொல்வதைத்தான் நீங்களும் சொல்லியிருப்பீர்கள். "படிக்காமல் நிண்டாலும் இவன் அந்த ரெண்டு வருஷத்திலை தொழில் பழகிக் கூலி கூட்டியிருப்பான். அதையும் கழிச்சுப் பார்த்தால் மூண்டு, நாலு வருஷமும் ஆகலாம். வீடு தாங்குமோ எண்டு யோசிச்சுச் சொல்லுங்கோ" என்றீர்கள். மாணவர் சேர்க்கை நேரத்தில் ஒரு போதனாசிரியர் இப்படிப் பேசி நான் வேறெங்கும் கேட்டதில்லை. அம்மா யோசித்தார். சனி, ஞாயிறு நான் வேலைக்குப் போகலாம் என்று நீங்கள் சம்மதித்த பிறகே சரி என்றார்.

வெளிநாட்டு வேலை நிச்சயம் என்று சொல்லிப் பெருந்தொகை கேட்ட தனியார் இடமொன்றுக்குப் போக இருந்த என் நண்பனையும் நீங்கள் மறித்தீர்கள். முதலில் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் அந்த இடம் பதிவா, கிடைக்கும் சான்றிதழ் தேசிய தொழில் தகைமையான என்.வி.கியூ. தானா என்று பார்க்கச் சொன்னீர்கள். இன்றைக்கும் பல பெற்றோர் பெயர்ப்பலகையைப் பார்த்துத்தான் காசு கட்டுகிறார்கள்.

உண்மையைச் சொன்னால், என்.வி.கியூ. 4 கையில் வந்த புதிதில் என் கூலி கூடவில்லை. யாழ்ப்பாணத்தில் வீட்டுக்காரர் எவரும் சான்றிதழைக் கேட்பதில்லை. ஆளைத் தெரியுமா என்றுதான் கேட்பார்கள். சம்பாத்தியம் வேறு பக்கத்தால் வந்தது, அதன் வேர் உங்கள் எர்த் பாடத்தில் இருந்தது.

எங்கள் குடாநாட்டின் அடியில் சுண்ணக்கல். பல இடங்களில் செம்மண் மேலே ஒரு மெல்லிய படைதான். எர்த் றொட் பாதியில் கல்லில் முட்டும். கோடையில் மண் காய்ந்தால் தடை இன்னும் ஏறும். கையாளாக நின்ற காலத்தில் றொட் இறங்கிய அளவோடு மீதியை வெட்டிவிட்டுப் போவோம். நீங்கள் கரும்பலகையில் ஒரு வகுத்தல் கணக்குப் போட்டீர்கள்: எர்த் தடை 100 ஓம் என்றால், 230 வோல்ற் லைன் மோட்டரின் உடம்பில் பட்டாலும் ஓடுவது 2.3 அம்பியர்தான். 6 அம்பியர் எம்.சி.பி. விழாது. மோட்டர் ஓடிக்கொண்டிருக்கும், ஈரக் கையோடு தொடுகிறவர் சாவார். 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருந்தால் அந்த 2.3 அம்பியரே அதை விழுத்தப் போதும். கிணற்றடி மோட்டர் இல்லாத வீடு இங்கே குறைவு. அந்த ஒரு கணக்குக்காகவே ஒரு வருடக் கூலியை விட்டது சரி என்று நினைக்கிறேன்.

காப்புத் தடை அளக்கும் மெகரும் எர்த் மீற்றரும் பிடிக்கத் தெரிந்ததால்தான் சூரியமின் வேலைகளுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். கூரைத் தகடுகளிலிருந்து வரும் டிசி பக்கம் பல நூறு வோல்ற் நிற்கும். மெயின் சுவிட்ச்சை நிற்பாட்டினாலும் வெயில் இருக்கும்வரை அது நிற்காது. அந்த வேலைகளுக்கு நிறுவனங்கள் சான்றிதழைக் கேட்கின்றன. எழுவைதீவில் காற்று, வெயில், டீசல் மூன்றும் சேர்ந்த மின்நிலையம் ஓடுகிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கும் அப்படியான திட்டத்துக்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தமானது, 11 மில்லியன் டொலர் இந்திய நன்கொடையில். அவற்றைப் பராமரிக்கப்போவது தீவுப் பொடியளாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை. கடல் கடந்து ஆள் வரும்வரை அந்தச் சனம் இருட்டில் காத்திருக்கக் கூடாது.

2017இல் கச்சேரி வாசலில் பட்டதாரிகள் வேலை கேட்டு மாதக்கணக்கில் இருந்ததைப் பார்த்த ஊர் இது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அதைப் பார்த்த பிறகும் உயர்தரத்தில் சறுக்கிய பிள்ளையைத்தான் உங்களிடம் அனுப்புவது என்ற வழக்கம் எனக்கு வலிக்கிறது. ஓமின் விதி விளங்காத பிள்ளையை எர்த் றொட் அடிக்க அனுப்பக் கூடாது, சேர்.

இன்னொருவருடைய நன்றியும் இதில் சேர வேண்டும். என்னைக் கையாளாக வைத்திருந்த அதே அண்ணை, வகுப்புக்கு வராமலே முன்கற்றல் அங்கீகாரத்தின் வழியாக என்.வி.கியூ. எடுக்கலாம் என்று உங்களிடம்தான் அறிந்தார். இத்தனை வருடம் செய்த வேலையை மதிப்பீட்டாளருக்குச் செய்துகாட்டி எடுத்தும்விட்டார். அதற்கு ஆயத்தப்படுத்தும்போதுதான் அந்த 100 ஓம் கணக்கை நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். இப்போது தான் முன்பு வயரிங் செய்த வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய், ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா என்று பார்க்கிறார். இல்லாத வீட்டில் சாமானுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு போட்டுவிட்டு வருகிறார். "சேருக்கு எழுதேக்கை என்ரை பேரிலையும் எழுது" என்றவர்.

அன்புடன்,
உங்கள் மாணவன்