வலக்கோடியில் ஒரு பீக்

மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலை டப்பாவில் அடைத்து, ஈயச் செங்கல் அடுக்குக்குள் ஜெர்மானியம் டிடெக்டரின் தலைமேல் வைத்து மூடுவேன். சற்று நேரத்தில் திரையில் பீக்குகள் முளைக்கும். இடப்பக்கம் சந்தை நெரிசல். போகப் போகக் கூட்டம் குறையும். வலக்கோடியில், 2,614 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில், ஒற்றையாக ஒன்று நிற்கும். இருபது வருடமாக என் கண் முதலில் தேடுவது அதைத்தான்.

மணலில் மோனசைட், அதற்குள் தோரியம். அதன் சிதைவு வரிசையின் ஒரு கிளையில் தாலியம்-208 வரும். சுமார் 3 நிமிட அரை ஆயுளில் அது ஈயம்-208 ஆகும். பிறக்கும்போதே கிளர்ந்திருக்கும் அந்த ஈயக் கரு, கடைசிப் படியிலிருந்து தரைக்கு இறங்கும்போது விடும் காமாதான் இது.

அந்தப் படி எவ்வளவு உயரம் பாருங்கள். யுரேனியம்-238 கருவைக் கிளர்த்த 45 போதும். ஈயம்-206க்கு 803. இரண்டே நியூட்ரான் கூடிய ஈயம்-208 மட்டும் 2,614 கேட்கிறது. அதில் ஒரு நியூட்ரானைப் பிடுங்க 7.4 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். புதிதாக ஒன்றைச் சேர்த்தால், அதை 3.9-லேயே கழற்றிவிடலாம். 126 நியூட்ரான், 82 புரோட்டான்: இரண்டு கூடுகளும் நிறைந்த கரு.

ஏன் 126? இந்தக் கணக்கு எனக்கு அலுத்ததே இல்லை. எளிய அலைவுக் கிண்ணமாகக் கருவை எண்ணி மட்டங்களை நிரப்பினால் 2, 8, 20 சரியாக வரும். அப்புறம் 40, 70, 112 என்று தடம் மாறிவிடும். மரியா கோப்பர்ட் மேயர் 1949-ல் பிடித்த சரடு தற்சுழற்சி. துகளின் தற்சுழற்சி அதன் சுற்றோட்டத்தோடு ஒத்துப்போனால் ஆற்றல் இறங்கும், எதிர்த்துப்போனால் ஏறும். சுற்றோட்டம் மிகுந்த மட்டத்தில் இந்தப் பிளவு பெரிது. அதனால் மேல் கூட்டுக்குரிய 14 இடங்கள் கொண்ட மட்டம் ஒன்று அப்படியே கீழே வந்து சேர்ந்துவிடுகிறது. 112-உம் 14-உம் 126. புரோட்டானுக்கு 70-உம் 12-உம் 82. என்ன அழகு! என்ரிக்கோ ஃபெர்மி கேட்ட ஒரு கேள்விதான் மேயரை அந்தப் பக்கம் திருப்பியது. ஜெர்மனியில் ஹான்ஸ் யென்சனும் தனியே அங்கேதான் வந்து சேர்ந்தார். 1963 நோபலில் இருவருக்கும் பங்கு.

நேற்று மணல் டப்பாவை எடுத்துவிட்டு, வெறும் பெட்டியை இரவெல்லாம் எண்ணவிட்டேன். காலையில் அதே வலக்கோடியில் சின்னதாக ஒரு மேடு. சுவர்க் கான்கிரீட்டிலும் கொஞ்சம் தோரியம் இருக்கிறது.