முள்ளந்தண்டினுள் ஒரு கொழுப்பு

முள்ளந்தண்டுக் கால்வாயினுள், முண்ணாணைப் போர்த்திய உறைக்கு வெளியே, எல்லா மனிதர்க்கும் சிறிதளவு கொழுப்பு உண்டு. அது மிதமிஞ்சிப் பெருகி நரம்புகளை நெரிக்கும் அபூர்வ நோயொன்று எமக்கு வாய்த்திருக்கிறது. நூறு யார் நடந்தால் கால்கள் விறைக்கும். மதிலைப் பிடித்து முன்னே குனிந்து நின்றால் தணியும்.

எம்மை முதலிற் பார்த்த வைத்தியர், எடையைக் குறைக்கும்படி கூறி இரண்டே நிமிடங்களில் அனுப்பிவிட்டார். அவர் கூறியது பிழையன்று. உடற்பருமன் இந்நோய்க்கு ஒரு காரணமே. எடை குறைய, உள்ளிருந்த கொழுப்பும் குறைந்து நடை மீண்டவர்களைப் பற்றி மருத்துவ ஏடுகள் எழுதியுள்ளன. ஆனால் நடக்கவியலாதவன் எடையை எப்படிக் குறைப்பது? சோற்றாலும் பாணாலும் வயிற்றை நிரப்பும் வீட்டில் அவனுக்கெனத் தனியுணவு எங்கிருந்து வரும்? இவற்றை அவர் கேட்கவில்லை. நோயாளியின் நாவடக்கமின்மையே நோய் என்பதுபோல் இருந்தது அவர் பார்வை.

எமது நோய்க்கு வேறொரு காரணமும் உண்டு. தொய்வுக்காக நாம் ஆண்டுக்கணக்கில் விழுங்கிய ஸ்டீரொய்ட் குளிசை அது. 1948இல் மூட்டுவாதக்காரருக்கு முதன்முதலாகக் கோர்ட்டிசோன் ஏற்றப்பட்டது; 1950இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. மாற்றுச் சிறுநீரகம் பெற்று இவ்வின மருந்தை உட்கொண்டு வந்த ஒருவரின் முண்ணாணைக் கொழுப்பு நெரித்த செய்தி, 1975இலேயே ஆஸ்திரேலிய மருத்துவ ஏடொன்றில் வெளிவந்தது. நாரிநோவுக்கு முள்ளந்தண்டில் ஏற்றும் ஊசியிலும் பெரும்பாலும் இதே இன மருந்துதான். அதனாலும் இக்கொழுப்பு பெருகியதுண்டு.

எனவே குளிசையைக் குறைக்கவேண்டும். திடீரென நிறுத்தலாகாது, நெடுங்காலம் வெளியிலிருந்து வந்ததை நம்பி உறங்கிவிட்ட சுரப்பி உடனே விழித்தெழாது, உயிருக்கே ஆபத்து நேரலாம். மூச்சுக்கும் காலுக்குமிடையே பேரம் பேசுவதே எமது வைத்தியம்.

கால்வலு குன்றிக்கொண்டே போனால் சத்திரசிகிச்சை செய்து, எலும்பின் பின்வளைவை அகற்றிக் கொழுப்பை வழித்தெடுப்பர். சிறுநீர் அடைபட்டாலோ, இருக்கைப்புறம் மரத்தாலோ ஒரு நாளும் தாமதிக்கலாகாது. பலர் இதனால் நன்மை பெற்றுள்ளனர். எனினும் ஸ்டீரொய்டில் ஊறிய உடலிற் காயம் எளிதில் ஆறாது. கிருமி தொற்றும் அபாயமும் அதிகம். எவ்வழி சிறந்ததென ஒப்பிட்டுச் சொல்லும் பெரும் ஆய்வுகள் இல்லை. நோயாளர் தொகை சிறிது.

இப்போது நெஞ்சுநோய் வைத்தியர் குளிசையைச் சிறிது சிறிதாகக் குறைக்கிறார். நரம்புச் சத்திரசிகிச்சை நிபுணர் காலின் வலுவைக் கணிக்கிறார். இருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. அவர்களது கடிதங்களைக் காவிக்கொண்டு இரு வரிசைகளிலும் நிற்பவர் நாமே.