மூன்று மில்லிமீட்டர்

விடிவதற்கு முன்பே போடிநாயக்கனூரில் ஜீப்புகள் உறுமத் தொடங்கிவிடுகின்றன. தூக்குவாளியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் நெருக்கியடித்து ஏறிக்கொள்ள, 17 கொண்டை ஊசி வளைவுகள் தாண்டி, போடிமெட்டுக்கு அப்பால் கேரளத்து ஏலத் தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகிறார்கள். நான் தேடிப் போனவரின் மனைவியும் அவர்களில் ஒருவர். கணவரோ 16 வருஷம் துபாயில் இருந்தார். பாலைவனத்துக் கோல்ஃப் மைதானத்தில் புல் பராமரிப்பது அவர் தொழில். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

பாலைவனக் கோல்ஃப் மைதானம் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆடப் போனவர்கள். மணல்மேடு, அதன் நடுவே பச்சை, பின்னணியில் கண்ணாடிக் கோபுரங்கள், மாலை வெயில். அந்தப் பச்சையை ஒவ்வொரு நாளும் உண்டாக்குகிறவர் வாயிலிருந்து அதைக் கேட்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

புல் இல்லாமலேயே இந்த ஆட்டம் அங்கே நடந்திருக்கிறது. மணலில் எண்ணெய் கலந்து இறுக்கிச் சமன் செய்து, அதில் குழி போட்டார்கள். பச்சை இல்லாததால் அந்தத் திடலுக்குப் ‘பிரவுன்’ என்று பெயர். ஆடுகிறவர் செயற்கைப் புல்துண்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோய், அதன்மேல் பந்தை வைத்து அடிப்பார். ஆஸ்திரேலியாவின் ஓபல் சுரங்க ஊரான கூபர் பீடியில் இன்றும் அப்படித்தான். பகல் சூட்டுக்குத் தப்பி, இருட்டில் ஒளிரும் பந்துகளால் ஆடுவதும் உண்டு. 1988இல் துபாயில் எமிரேட்ஸ் கோல்ஃப் கிளப் திறந்தபோதுதான் வளைகுடா மணலில் முழுக்கப் புல் விரித்த மைதானம் வந்தது. அடுத்த ஆண்டே அங்கே டெசர்ட் கிளாசிக் போட்டி தொடங்கியது. பிறகு மைதானங்கள் பெருகின. உப்பு நீக்கிய கடல்நீரும் சுத்திகரித்த கழிவுநீரும் குழாய்வழி வந்தன. அந்தத் தண்ணீரைப் புல்லுக்குப் பக்குவமாகக் கொடுக்க ஆட்கள் நம் பக்கத்திலிருந்தும் போனார்கள்.

“தம்பி, மணல்ல புல்லு வளக்குறது பெருசில்ல. தண்ணியும் உரமும் குடுத்தா எதுவும் வளரும். வளந்த புல்ல வளர விடாம உசுரோட வச்சிருக்கணும் பாருங்க, அதுதான் வேல” என்றார்.

குழியைச் சுற்றியுள்ள ‘கிரீன்’ திடலில் புல்லின் உயரம் மூன்று மில்லிமீட்டர் அளவுதான். அந்த உயரத்தில் எந்தச் செடிக்கும் மூச்சு முட்டும். இலை குறைந்தால் வேர் குறையும், வேர் குறைந்தால் ஒரு மதிய வெயிலுக்கே மாண்டுபோகும். அப்படிச் சாகாமல் நிற்பது அங்கே எந்தப் புல் என்று கேட்டால், நாம் பிள்ளையாருக்குச் சாத்துகிற அருகம்புல்தான். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டன் ஊரில் அதை ஆப்பிரிக்க இனமொன்றோடு கலந்து குட்டை ரகங்கள் உண்டாக்கினார்கள். உலகத்தின் வெயில் நாட்டு மைதானங்கள் பலவும் அந்த வம்சம். போடி வயல் வரப்பில் காலில் மிதிபடுவது அதன் சொந்தக்காரர் என்று அவருக்கு அங்கே போய் முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டதாம். கணு கணுவாக ஓடுவதைப் பார்த்தாலே போதும் என்கிறார்.

வேலை இருட்டில் தொடங்கும். முதல் ஆட்டக்காரர் வருவதற்குள் வெட்டி முடித்திருக்க வேண்டும். பனித்துளியை நீண்ட கோலால் தட்டிவிட்டு, உருளை மோவரை நேர்கோட்டில் தள்ளுவார்கள். நேற்று ஓட்டிய திசையில் இன்று ஓட்டக் கூடாது. புல் ஒரே பக்கம் படுத்துவிடும். பிறகு குழியை இடம் மாற்ற வேண்டும். 108 மில்லிமீட்டர் விட்டமுள்ள வெட்டுக்குழலைத் திருகி இறக்கி மண்ணுருளையை எடுத்து, அதையே பழைய குழியில் பொருத்தி, விளிம்பு தெரியாமல் அழுத்தி, தண்ணீர் காட்ட வேண்டும். ஒரு முடி மேடு நின்றாலும் பந்து விலகும். புல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையும் அந்தக் குழியே காட்டிக்கொடுக்கும். பொழுது ஏறும்போது வட்டத்தின் ஒரு பாதி விளிம்பு மட்டும் கிழிந்து காயத் தொடங்கும். புல் படர்ந்து ஓடுவது அந்தப் பக்கம். மட்டைப் பை சுமந்து கூடவே போகிற கேடி இதை ஆட்டக்காரருக்குச் சொன்னால், அவர் நல்ல கேடி.

கோடை அங்கே கொடுமை. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30இலிருந்து 3 மணி வரை வெயிலில் ஆள் நிறுத்தக் கூடாது என்று அந்த நாட்டில் சட்டம் இருக்கிறது. புல்லுக்கு அந்த ஓய்வு கிடையாது. குளிர் வந்தால் அருகின் வளர்ச்சி மந்தமாகும். அதற்கு முன்பே, அக்டோபர் வாக்கில், அதன்மேல் ரை புல் விதையைத் தூவி, பனிக்காலம் முழுவதும் பச்சையைக் காப்பாற்றுவார்கள். படம் பிடிக்கப்படும் பச்சையில் பாதி இந்த விருந்தாளிப் பச்சை.

அவர் பேச்சில் என்னைக் கட்டிப்போட்டது தண்ணீரை அவர் படித்த விதம். புல்லில் மிதித்த தடம் எழும்பாமல் அப்படியே கிடந்து, நிறத்தில் நீலம் பாய்ந்தால் தாகம். நுனி வெளுத்தால் உப்பு. தாகத்துக்குக் கொஞ்சம் தண்ணீர் போதும். உப்புக்கு நிறைய விட்டு வேருக்குக் கீழே அடித்து இறக்க வேண்டும். மாற்றிச் செய்தால் திடல் போச்சு. கருவிகள் அங்கே உண்டு. இருந்தும் மேற்பார்வையாளர்கள் அவரைக் கூட்டிப்போய்ப் புறங்கையால் புல்லைத் தொட்டுப் பார்க்கச் சொல்வார்களாம்.

அவர் மைத்துனருக்கு மேலே எஸ்டேட்டில் வேலை. அவர் வாங்கித் தந்த அனுமதியில், மூணாறு தாண்டி குண்டளைப் பள்ளத்தாக்கின் கோல்ஃப் மைதானத்தைப் பார்க்க இருவரும் கிளம்பினோம். தேயிலைத் துரைமார் காலத்துச் சொத்து அது. போடிக்கும் குண்டளைக்கும் உறவு பழையது. 1902இல் அங்கே ஒற்றைத் தண்டவாளத்தில் மாடு இழுக்க வண்டி ஓடியது. 1908இல் சிறு ரயில் வந்தது. மலைமேல் இருக்கும் டாப் ஸ்டேஷன் வரை அதில் வந்த தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்கு வந்து சேர்ந்தன. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. போடிக்கு ரயில் வந்தது அதற்கு நான்கு வருஷம் கழித்து.

போடிமெட்டு வரை ஒரு நாடு, அதற்குப் பிறகு வேறொரு நாடு. தென்மேற்குப் பருவமழையை மலை மறித்துக்கொள்வதால் போடிப் பக்கம் பாறையும் காய்ந்த புதரும். ஏறி முடித்ததும் ஏலத்தின் ஈரம் மூக்கில் அடிக்கும்.

மைதானத்தில் கால் வைத்ததும் அவர் குனிந்துவிட்டார். சுற்றிலும் தேயிலைச் சரிவு விரிந்து கிடக்க, அவர் பார்த்தது காலடியை. நாங்கள் பந்து எதுவும் அடிக்கவில்லை. மேட்டிலிருந்து பள்ளம், பள்ளத்திலிருந்து திடல் என்று ஆட்டக்காரர் போகும் வழியே ஒரு சுற்று நடந்தோம். இங்கே வேலை தலைகீழ் என்றார். அங்கே தண்ணீரைக் கொண்டுவர வேண்டும், இங்கே வெளியேற்ற வேண்டும். ஆனாலும் நல்ல திடலின் அடிவயிறு இரண்டு இடத்திலும் ஒன்றுதான்: கீழே வடிகுழாய், அதன்மேல் நான்கு அங்குலம் சரளை, அதன்மேல் ஓரடி மணல். அமெரிக்கக் கோல்ஃப் சங்கம் 1960இல் வகுத்த முறை அது. பாலைவனத்துப் பொடிமணல் அதற்கு ஆகாது, சலித்த மணல்தான் வேண்டும் என்று அவர் சொன்னபோது நான் வியந்துபோனேன்.

மைத்துனர் பனிக்காலத்தைப் பற்றிச் சொன்னார். ஜனவரியில் சில விடியல்களில் இந்தப் பள்ளத்தாக்கு உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். வெயில் பட்டு இளகும்வரை யாரையும் உள்ளே விடக் கூடாது. மிதித்தால் உறைந்த இலை நொறுங்கி, பிறகு கால்தடம் கருப்பாக எழும். “இது நமக்குத் தெரியாதே, மச்சான்” என்று துபாயிலிருந்து வந்தவர் மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டார். ஒரு தொழிலாளி இன்னொருவரிடம் பாடம் கேட்கும் அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன்.

இந்த அறிவுக்கு ஊரில் மரியாதை இல்லை என்பதுதான் எனக்கு ஆறாத கோபம். அவர் விசாவில் இருந்த சொல் ‘லேபர்’. திரும்பி வந்தபின் ஓர் ஏலத் தோட்டத்தில் ஸ்பிரிங்க்ளர் குழாய் மாற்றுகிறார். ஏலத்துக்கு வேர் மேலோட்டம். ஈரம் வற்றவும் கூடாது, தேங்கவும் கூடாது, தேங்கினால் அழுகல் வரும். அந்தத் தோட்டத்தில் எந்தச் சரிவுக்கு எவ்வளவு நேரம் என்று முடிவு செய்கிறவர் அவர். கூலி மட்டும் குழாய் தூக்குகிறவருக்கு உரியது. கோல்ஃப் பணக்காரர் ஆட்டம், நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஆட்டம் யாருடையதாகவும் இருக்கட்டும். அந்தக் கை நம்முடையது.

இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டுத் திடலுக்குப் புல் போட அவரைக் கேட்டிருக்கிறார்கள். தருவதாகச் சொன்னது நாள்கூலி. அவர் மறுத்துவிட்டு, தன் கணக்கை எழுதிக் கொடுத்திருக்கிறார்: அருகுக் கணு, சலித்த மணல், வடிகால், இரண்டு ஆள், தனக்கு மாதச் சம்பளம்.

“அதுவும் போக ஒண்ணு சொல்லிட்டேன் தம்பி. நட்டு ரெண்டு மாசத்துக்கு ஒரு மாடு உள்ள வரக் கூடாது, ஹெட்மாஸ்டர் வண்டியும் வரக் கூடாது. சம்மதம்னா சொல்லுங்க, திங்கக்கெழமையே வாரேன்னு.”