கரிசல் புழுதியும் காரின் மேனியும்

மதுரையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் விருதுநகரையும் சாத்தூரையும் கடந்து செல்லும்போது, சாலையின் இருமருங்கிலும் நிலம் கறுத்துக்கொண்டே வருவதை நீங்கள் கவனித்திருக்கக்கூடும். பருத்தி, உளுந்து, பாசி, சோளம், மல்லி என்று வானத்தை நம்பி விதைக்கப்படும் வயல்கள். அவற்றுக்கு இடையே சீமைக்கருவேலங்காடுகள். தகரக் கூரை வேய்ந்த தீப்பெட்டி ஆலைகள். இவ்வளவும் கண்ணில் பட்டால் கோவில்பட்டி நெருங்கிவிட்டது என்று பொருள். 7ஆம் எண் சாலை என்று நாம் சொல்லிப் பழகிய அப்பாதைக்கு இப்போது 44 என்று எண். ஊரின் கடலைமிட்டாய்க்கு 2020ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. அதைப் பற்றி எழுதாதவர் இல்லை. எனவே நான் எழுதப் போவதில்லை. நான் எழுத விரும்புவது அவ்வூரின் புழுதியைப் பற்றி.

கரிசல் மண் வேடிக்கையான மண். மழை பெய்தால் ஊதிப் பருக்கும். வெயில் காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்புக்குள் ஒரு முழக் கம்பை விட்டாலும் அடி தட்டுவதில்லை. ஈரத்தில் இது பசை. காலில் ஒட்டினால் செருப்பு காலை விட்டுக் கழன்று மண்ணோடு தங்கிவிடும். கோடையிலோ மாவைப்போல் பறந்து, பூட்டிய அலமாரிக்குள் இருக்கும் கிதாபின் ஏடுகளுக்கிடையிலும் புகுந்துவிடும். இப்படிப்பட்ட ஊரில் ஒருவர் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு காரின் மேனியைக் கண்ணாடிபோல் காத்து வருகிறார் என்றால், அதை ஒரு செய்தியாகவே நான் கருதுகிறேன்.

அவர் என் மனைவியின் தாய்மாமா. பருத்தியும் மல்லியும் வாங்கி விற்கும் கமிஷன் கடை நடத்தி ஓய்ந்தவர். 1982ஆம் ஆண்டு, தமது முப்பதாவது வயதில், வெள்ளை நிற அம்பாசிடர் கார் ஒன்றை வாங்கினார். மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் 1950களின் இறுதியில் தொடங்கி 2014 வரை தயாரான அந்தக் கார், ஒரு காலத்தில் அமைச்சர் முதல் வாடகை ஓட்டுநர் வரை எல்லாரையும் சுமந்தது. இன்று சாலையில் ஒன்றைக் கண்டால் குழந்தைகள் விரல் நீட்டிக் காட்டுகின்றனர். மாமாவின் காரில்தான் என் நிகாஹ் நாளில் நான் மாப்பிள்ளையாக ஏறி அமர்ந்தேன். என் மாமியாரைக் கடைசியாக மருத்துவமனைக்குக் கொண்டு சென்றதும் அதில்தான். ஆகவே அது அக்குடும்பத்துக்கு வெறும் வாகனம் என்று சொல்லிவிட முடியாது.

திருமணமான புதிதில் ஒரு நாள் பஜ்ருத் தொழுகைக்குப் பின் வாசலில் நின்றிருந்தேன். காரின் மீது மெல்லிய புழுதி படிந்திருந்தது. பெரியவருக்குப் பணிவிடை செய்யும் ஆவலில் தோளில் கிடந்த துண்டை எடுத்து பானெட்டை அழுத்தித் துடைக்கத் தொடங்கினேன். நான்கைந்து வட்டம் போட்டிருப்பேன். "மாப்ள, துண்டைக் கீழே வையுங்க" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. கோபமில்லை; ஆனால் குரலில் ஒரு வலி இருந்தது. வெயில் ஏறியதும் என்னை அழைத்துக் காட்டினார். சிலந்தி வலையைப்போல் வட்ட வட்டமாக, மயிரிழைக் கீறல்கள்! நான் துடைத்த இடம் மட்டும் மங்கிக் கிடந்தது.

வாசக நேயர்களே, நம்மில் பெரும்பாலோர் தினந்தோறும் செய்யும் தவறு இதுதான். புழுதியில் களிமண் துகளோடு நுண்ணிய மணலும் கலந்திருக்கிறது. மணலின் குவார்ட்ஸ் துகள் எஃகைவிடக் கடினமானது. வண்ணப்பூச்சோ அதற்கு முன் வெண்ணெய். உலர்ந்த துணியால் துடைக்கும்போது உப்புத்தாளால் தேய்ப்பதையே நாம் செய்கிறோம். பட்டறைகளில் கிடைக்கும் பனியன் வேஸ்ட் இன்னும் மோசம். அதன் நூல் முடிச்சுகளில் முந்தைய வண்டியின் மண் அப்படியே இருக்கும்.

மாமா கழுவும் முறையை ஒருமுறை அருகிருந்து பார்த்தேன். வெயில் இறங்கி, தகடு குளிர்ந்த பின்பே தொடங்குவார். முதலில் கை படாமல் நீரை மட்டும் மேலிருந்து மெல்ல ஊற்றுவார். புழுதி தானாக இறங்கி ஓட வேண்டும். அதன் பின்னரே துணி. இரண்டு வாளிகள்: ஒன்றில் கார் ஷாம்பு கலந்த நீர், மற்றொன்றில் துணியை அலசும் வெறும் நீர். கூரையில் தொடங்கிக் கீழே வருவார். கீழ்ப்பகுதியில்தான் மண் மிகுதி என்பதால் அது கடைசி. சக்கரங்களுக்குத் தனித் துணி. துணி தரையில் விழுந்துவிட்டால் அன்று அதை மீண்டும் தொடமாட்டார். துணி துவைக்கும் சோப்புத்தூளை வீட்டார் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். அது அழுக்கோடு மெழுகையும் சேர்த்து எடுத்துவிடுமாம்.

கழுவுவதற்கு எந்த நீர் என்பதில்தான் அவருடைய கதையின் கசப்பான பகுதி இருக்கிறது.

கோவில்பட்டியின் குடிநீர் சீவலப்பேரியில் தாமிரபரணியிலிருந்து குழாய் வழியே வருகிறது. குடத்தோடு நாள் கணக்கில் காத்திருந்த காலத்தை அவ்வூர்ப் பெண்கள் இன்னும் மறக்கவில்லை. அப்படி ஒரு கோடையில் மாமா வீட்டு ஆழ்துளைக் கிணற்றில் மட்டும் நீர் இருந்தது. உப்பு நீர்தான், என்றாலும் பாத்திரம் துலக்கவும் துணி அலசவும் உதவும். அவர் ரப்பர் குழாயைப் பிடித்துக் காருக்கு நீர் பீய்ச்சிக்கொண்டிருக்க, தெருப் பெண் ஒருவர் காலிக்குடத்தோடு நின்று பார்த்துவிட்டு, "பாய், உங்க காருக்குத் தாகம் அடங்கினதும் சொல்லுங்க, நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மாமா அன்று குழாயை மூடினார். மழை வரும் வரை, நான்கு மாதம், காரைக் கழுவவேயில்லை. கிணற்று மோட்டாரின் குழாயைத் தெருப்பக்கம் நீட்டிவிட்டார்.

இதை அவர் சொன்னபோது எனக்கு எங்கள் மதரஸாவின் ஹவ்ளு நினைவுக்கு வந்தது. அண்ணலார் (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' அளவு நீரில், அதாவது இரு கை சேர்த்து அள்ளும் அளவில், ஒளு செய்தார்கள் என்று ஆண்டுதோறும் மாணவர்களுக்கு நான் பாடம் நடத்துகிறேன். குழாயைத் திறந்துவிட்டால் நிமிடத்துக்குப் பத்து லிட்டருக்குக் குறையாமல் ஓடும். கார் கழுவி முடிப்பதற்குள் எத்தனை பேருடைய ஒளு ஓடிப் போகும் என்று கணக்கிட்டால் பாடம் நடத்துகிற எனக்கே வெட்கமாக இருக்கிறது.

2003ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது மாமா தம் வீட்டில் ஒரு மாற்றம் செய்துகொண்டார். மொட்டை மாடி நீரின் ஒரு பகுதியைப் பூமிக்குள் விட்டு, மறுபகுதியை மூடிய பீப்பாய்களில் சேர்க்கிறார். அது காருக்கு மட்டும். இரண்டு வாளி, முப்பது லிட்டருக்குள் வேலை முடிகிறது. காருக்கும் அதுவே நல்லது என்பது பின்னர்தான் தெரிந்ததாம். ஆழ்துளை நீரில் சுண்ணாம்பும் உப்பும் கரைந்திருக்கின்றன. வெயிலில் நீர் உலர்ந்தால் அவை வெள்ளைப் புள்ளிகளாகத் தங்கி, நாளடைவில் வண்ணத்தை அரிக்கும். மழைநீர் புள்ளி விடுவதில்லை.

இனி மேனியின் மினுமினுப்பைப் பற்றிச் சிறிது. இளமையில் மாமா ஒரு விபரீதப் பரிசோதனை செய்திருக்கிறார். தீக்குச்சிகள் நன்றாகத் தீப்பற்றி எரிவதற்காக அவற்றை உருக்கிய பாரஃபின் மெழுகில் நனைப்பார்கள். கோவில்பட்டியில் அந்த மெழுகுக்குப் பஞ்சமில்லை. நண்பரின் ஆலையிலிருந்து ஒரு கட்டி வாங்கிவந்து, மண்ணெண்ணெயில் கரைத்துக் கார் முழுவதும் பூசினார். காலையில் பளபளத்தது. நண்பகல் வெயிலில் மெழுகு இளகியது. மாலையில் எட்டயபுரம் சாலையில் ஒரு சுற்றுச் சுற்றிவந்தபோது வெள்ளைக் கார் கரிசல் காராகத் திரும்பியிருந்தது! அதைச் சுரண்டி எடுக்க மூன்று நாளாயிற்றாம்.

தரமான கார் பாலிஷில் சேரும் கார்னோபா மெழுகு வேறு வகையானது. பிரேசில் நாட்டின் வடகிழக்கில், நம் கரிசல் சீமையைப் போலவே மழை பொய்க்கும் வறண்ட நிலத்தில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து அது கிடைக்கிறது. ஈரம் ஆவியாகிவிடாமல் காத்துக்கொள்ள அம்மரம் தன் ஓலையின் மேல் மெழுகைப் போர்த்திக்கொள்கிறது. ஓலையை வெட்டி, வெயிலில் உலர்த்தி, தட்டி உதிர்த்து எடுக்கிறார்கள். 80 பாகைக்கும் மேலான வெப்பத்தில்தான் அது உருகும். ஆதலால் கோவில்பட்டி வெயில் அதை ஒன்றும் செய்வதில்லை. வறட்சிக்கு அஞ்சிய ஒரு மரத்தின் தற்காப்பு, கடல் கடந்து வந்து இன்னொரு வறண்ட சீமையில் ஒரு காரைக் காக்கிறது! படைத்தவனின் ஏற்பாட்டை எண்ணி வியக்காமல் இருக்க முடியவில்லை.

மாமாவின் பேரன்மார் இந்தப் பழைய முறையைக் கண்டு சிரிக்கிறார்கள். அவர்கள் காருக்குச் செராமிக் பூச்சு. அவர்களுடைய நண்பர் ஒருவரின் காருக்குக் கண்ணாடி போன்ற பாலியூரிதேன் உறை. உறை நல்லதுதான். சாலையோரச் சீமைக்கருவேல முள் இருபக்கமும் கோடு போடும் கிராமத்துப் பாதைகளில் அது உண்மையிலேயே காக்கிறது; சிறு கீறல்கள் வெயில் சூட்டில் தாமே மறைவதையும் கண்டேன். செராமிக் பூச்சை விற்பவர்கள் '9எச்' கடினம் என்று கூறுவதை மட்டும் சற்று நிதானித்துக் கேளுங்கள். அது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் அளவுகோல். கல்லையும் மணலையும் அளக்கும் அளவுகோல் வேறு. செராமிக் பூசிய காரையும் உலர்ந்த துண்டால் துடைத்தால் கீறல் விழத்தான் செய்யும். நிழல் என்று நம்பி வேப்பமரத்தடியில் நிறுத்திப் பறவை எச்சத்தை இரண்டு நாள் விட்டுவைத்தால், அமிலம் எந்தப் பூச்சையும் அரித்துத் தழும்பாக்கிவிடும். பின்கண்ணாடியில் 'மாஷா அல்லாஹ்' ஒட்டி, கூடுதல் பணம் கட்டி 786 என்ற எண்ணும் வாங்குகிற நம் இளைஞர்கள், எச்சத்தை அன்றே நனைத்து எடுத்துவிடும் அளவுக்கும் அக்கறை காட்டினால் நன்று.

ஒரு கார்த்திகை மாதத்தில் மாமாவோடு எட்டயபுரம் சென்றோம். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடங்கியிருக்கும் ஊர். கோவில்பட்டியிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர். ஸியாரத் முடித்துத் திரும்புகையில், தெரிந்தவர் ஒருவரைப் பார்க்க ஓர் ஊருக்குள் திரும்பினோம். முந்திய இரவின் மழையில் பாதை களியாகியிருந்தது. வீடு வந்து சேரும்போது சக்கர வளைவுகளுக்குள் மண் அப்பி, சக்கரம் சுற்றவே திணறியது. மழைநீரால் பானெட்டும் கதவுகளும் பளிச்சென்று இருந்ததால் நான் நிம்மதியாக உள்ளே போனேன். மாமா போகவில்லை. லுங்கியை மடித்துக் கட்டி, மட்கார்டுக்கு அடியில் படுத்து, மரக்குச்சியால் மண்ணைக் கிளறி எடுத்துக்கொண்டிருந்தார்.

"மேலே இருக்கிற தூசி காரை அசிங்கப்படுத்தும், மாப்ள. கொல்றது இதுதான்" என்றார். கரிசல் களி தண்ணீரை எளிதில் விடாது. வெளிப்புறம் காய்ந்த பின்னும் தகட்டோடு ஒட்டிய பக்கம் வாரக்கணக்கில் ஈரம் காத்திருக்கும். அங்கே தொடங்கும் துரு, உள்ளிருந்தே தகட்டைத் தின்று ஒரு நாள் வெளியே கொப்புளமாகக் கிளம்பும். அந்தக் கொப்புளத்தின் மேல் பட்டி வைத்து, டூக்கோ அடித்து மறைத்து விற்பவர்கள் உண்டு. காந்தத்தை வைத்துப் பார்த்தால் பட்டி வைத்த இடத்தில் ஒட்டாது என்பதைப் பழைய கார் வாங்குவோர் நினைவில் கொள்ளுங்கள்.

சென்ற ஆண்டு கோயம்புத்தூரிலிருந்து பழைய கார்களைச் சேகரிக்கும் அன்பர்கள் இருவர் வந்தனர். ஜி.டி. நாயுடு குடும்பத்தாரின் கார் அருங்காட்சியகம் 2015இல் திறக்கப்பட்ட பின் அந்நகரில் இந்த ஆர்வம் பெருகியிருக்கிறது என்றார்கள். அவர்கள் பானெட்டைத் தடவிப் பார்க்கவில்லை. நேரே குனிந்து, கைவிளக்கால் மட்கார்டின் அடியைப் பார்த்தனர். வெகுநேரம் பார்த்தனர். எழுந்தபோது அவர்கள் சொன்ன தொகை எங்களைத் திடுக்கிட வைத்தது.

வளைகுடாவில் இருக்கும் மகன் தொலைபேசியில் "கொடுத்திடுங்க வாப்பா" என்றார். அதிலும் நியாயம் உண்டு. மாமாவுக்குக் கண் மங்கிவிட்டது. மக்ரிபுக்குப் பின் ஓட்டுவதில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க அலைய வேண்டும். பசுமை வரி வேறு. 50 ஆண்டு கடந்தால் 2021ஆம் ஆண்டு விதிப்படி தொன்மை வாகனமாகப் பதியலாம்; ஆனால் அதன் பின் கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் போகலாமே தவிர அன்றாடம் ஓட்ட முடியாது. "2032ல் வண்டிக்கு ஐம்பது, எனக்கு எண்பது. ரெண்டு பேரும் சேர்ந்தே ஓய்வெடுப்போமே" என்று சிரித்து, வந்தவர்களுக்குச் சாயா கொடுத்து அனுப்பிவிட்டார்.

போகும்முன் அவர்களில் ஒருவர் பானெட்டிலிருந்த பழைய வட்டக் கீறல்களைக் காட்டி, மெஷின் பாலிஷ் போட்டால் அரை மணி நேரத்தில் போய்விடும் என்றார். நான் தலைகுனிந்து நின்றேன். ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் வண்ணத்தின் ஓர் ஏடு கழன்று துணியோடு வந்துவிடும் என்று மாமா விளக்கினார். பின்பு என் தோளில் கைவைத்து, "அது எங்க மாப்பிள்ளை போட்ட கையெழுத்து, இருக்கட்டும்" என்றார்.