பழைய கேசட் டெக் வாங்கப் போன கதை

போன வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சு மண்டபத்துல ஓடின தேவாரம் யாரு பாடினதுன்னு பல பேரு கேட்டீங்க. ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்ல முடியல, இந்த வாரம் நைட் ஷிஃப்ட். அதான் இங்கேயே எழுதிடறோம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

அது எங்க மாமா குரல். வீட்டுக்காரம்மாவோட அப்பா. பழைய ஆளுங்களுக்கு ஞாபகம் இருக்கும். தோட்டத்துல லோரி ஓட்டினவரு. வெள்ளிக்கிழமை ஆனா குளிச்சிட்டு வெள்ளை வேட்டியில வந்து தூண் பக்கத்துல நின்னு பாடுவாரு. மைக் குடுத்தா வேணாம்பாரு. 2003-ல தவறிட்டாரு.

அவர் பாடின நாலு கேசட்டு ஒரு மைலோ டின்னுல எங்க வீட்டு அலமாரி மேல கிடந்துச்சு. 1986 மார்கழியில, யாரோ கொண்டு வந்த ரேடியோ செட்டை வெச்சு நம்ம கோயில்லயே பதிஞ்சது. போட்டுக் கேட்க வீட்ல மிஷின் இல்ல. இருந்ததைத் தூக்கிப் போட்டு பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. இந்த வருஷம் மாமா திதிக்கு முன்னாடி வீட்டுக்காரம்மா டின்னைத் திறந்து பார்த்தாங்க. ரெண்டு கேசட்டுல நாடா ஓரமெல்லாம் வெள்ளையா பூசணம். நம்ம ஊரு ஈரத்துக்கு அது வராம இருந்தாத்தான் அதிசயம். சரி, இனியும் தள்ளிப்போட்டா ஒண்ணும் மிஞ்சாதுன்னு டெக் வாங்கக் கிளம்பினோம்.

இங்கதான் புத்தி கெட்டுப்போச்சு. ஃபேக்டரியில முப்பது வருஷமா மிஷினோட மல்லுக்கட்டறோம், ஒரு பழைய டெக் வாங்கத் தெரியாதான்னு ஒரு நினைப்பு. பழைய சாமான் விக்கிற ஒருத்தர்கிட்ட 120 வெள்ளிக்கு ஒண்ணு கிடைச்சுது. லைட் எரிஞ்சுது, மோட்டார் சத்தம் கேட்டுச்சு, "ஓக்கே லா, நல்லா ஓடும்"னாரு. ஒரு கேசட்டைப் போட்டுக் காட்டுங்கன்னு கேட்கத் தோணல. வீட்டுக்கு வந்தும் ஏதாவது சினிமாப் பாட்டு கேசட்டைப் போட்டுப் பார்த்திருக்கலாம், அதுவும் செய்யல. நேரா மாமா கேசட்டு. அவசரப்பட்டது யாருன்னு சொல்லத் தேவையில்ல, எங்க ரெண்டு பேருல மீசை வெச்சவருதான்.

அஞ்சு நிமிஷம் பாடிச்சு. அப்புறம் குரல் ஒரு மாதிரி இழுத்து நின்னுபோச்சு. மூடியைத் திறந்தா உள்ள நாடா இடியாப்பம் மாதிரி சுத்திக்கிடக்கு. நாடாவைச் சுருட்டுற சக்கரத்தோட ரப்பர் பெல்ட்டு இளகித் தார் மாதிரி ஆகியிருந்திருக்கு. முன்னுக்குத் தள்ளுற தண்டு சுத்துது, வாங்கிச் சுருட்டுற சக்கரம் நின்னுபோச்சு, வந்த நாடா எங்கதான் போகும்? எங்க லைன்ல கன்வேயர் நின்னு மிஷின் நிக்கலைன்னா பெட்டியெல்லாம் குவிஞ்சு நசுங்குமே, அதே கதை.

வீட்டுக்காரம்மா ஒண்ணும் சொல்லல. டின்னை எடுத்துக்கிட்டுப் போய் சாமி ரூம்ல வெச்சாங்க. மூணு நாளு வீட்ல பேச்சில்ல.

எங்க மெயின்டனன்ஸ்ல இருக்கிற ஒரு மலாய்த் தம்பிதான் பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலுக்குப் போகச் சொன்னான். தாமான் ஜெயா எல்.ஆர்.டி. பக்கத்துல. சனி ஞாயிறுல அங்க பழைய சாமான் சந்தை போடுவாங்க. பழைய காசு, கடிகாரம், இசைத்தட்டு எல்லாம் வரும். அந்த வழியா எத்தனையோ தடவை போயிருக்கோம். பழைய ஆம்ப், ஸ்பீக்கர், டெக்குன்னு வாங்கி விக்கிறதுக்கே ஒரு கூட்டம் அங்க இருக்கிறது தெரியாது. பாதிப் பேரு எதையும் வாங்கறதில்ல. நம்ம கோயில்ல அர்ச்சனை எதுவும் பண்ணாம வந்து கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போவாங்களே, அந்த மாதிரி வந்து கேட்டுட்டுப் போறாங்க.

ரிட்டயர் ஆன மலாய் வாத்தியார் ஒருத்தரு, சட்டைப் பையில சொந்த கேசட்டும் சின்ன டார்ச் லைட்டும் வெச்சிருந்தாரு. எங்க கதையைக் கேட்டுட்டு சிரிக்கல. கூடவே நடந்து வந்து ஒவ்வொண்ணா காட்டினாரு. டார்ச் அடிச்சு ஹெட்டைப் பாரு, நாடா ஓடி ஓடிப் பள்ளம் விழுந்திருந்தா வேணாம். ரப்பர் உருளை கண்ணாடி மாதிரி பளபளத்தா வேணாம். பின்னால திருப்பி வோல்டேஜ் படி, ஜப்பான்லேருந்து வர்றது 100 வோல்ட்டு, நம்ம வீட்டு 240-ல சொருகினா அன்னைக்கே பொசுங்கிடும். ஸ்பீக்கர் வாங்கினா கோனைச் சுத்தி இருக்கிற ஸ்பாஞ்சைத் தொட்டுப் பாரு, நம்ம சூட்டுல அது பிஸ்கட் மாதிரி உதிரும். விக்கிறவரு "போட்டுக் காட்ட நேரமில்ல"ன்னா நடையைக் கட்டு. எல்லாம் மலாய்லதான் சொன்னாரு, ஆனா நாங்க புது சூப்பர்வைசருக்குச் சொல்லிக் குடுக்கிற அதே பாடம்.

அவரு கூட்டிட்டுப் போய் விட்டது ஒரு சீன அங்கிள்கிட்ட. எழுபது வயசுக்கு மேல இருக்கும். மேசை மேல பூதக்கண்ணாடி, திருப்புளி, பஞ்சு. நசுங்கின கேசட்டைக் காட்டினதும் எங்க கையைத் தட்டி விட்டு "ஜங்ஙான் தாரேக்"ன்னாரு, இழுக்காதேன்னு. கேசட்டைப் பிரிச்சு, மடிப்பை விரலால நீவி நீவி எடுத்தாரு. ரெண்டு சாண் அளவு மட்டும் கிழிஞ்சு தேறல. அதை வெட்டிட்டு ஒட்டினாரு. கேசட் நாடா ஒரு விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும். ரெண்டு சாணுன்னா ஒன்பது விநாடி. கோளறு பதிகத்துல ஏழாம் பாட்டு நடுவுல ஒன்பது விநாடி மாமா குரல் போச்சு, எங்க அவசரத்தால.

அவர்கிட்டயே 650 வெள்ளிக்கு ஒரு டெக் எடுத்தோம். பெல்ட்டு எல்லாம் அவரே மாத்தி வெச்சது. முதல்ல அவரோட சீனப்பாட்டு கேசட்டு ரெண்டு பக்கமும் முழுசா ஓடுச்சு. அப்புறம்தான் மாமாவைப் போட விட்டாரு. குரல் போர்வைக்குள்ளேருந்து பாடுற மாதிரி மங்கலா வந்துச்சு. பதிஞ்ச செட்டோட ஹெட்டு லேசா சாய்ஞ்சிருந்திருக்கும்னு சொல்லி, ஒரு சின்ன ஸ்குரூவைத் தலைமுடி அளவு திருப்பினாரு. கதவைத் திறந்த மாதிரி இருந்துச்சு. மாமா மூச்சு வாங்குறது, பின்னால மணி, யாரோ இருமுறது எல்லாம் கேட்குது. வீட்டுக்காரம்மா அந்த ஸ்டூல்லயே உக்காந்துட்டாங்க. அங்கிள் எழுந்து தண்ணி வாங்கப் போயிட்டாரு.

பாட்டு முடிஞ்சதும் ஒரு பொண்ணு குரல், "அப்பா, முடிஞ்சுதா?" அதுக்கு மாமா, "இன்னும் ஒண்ணு இருக்கும்மா." அது அவங்கதான், அப்போ பன்னெண்டு வயசு. அவங்களுக்கு அது ஞாபகமே இல்ல.

நாலு கேசட்டையும் பெரியவன் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டான். பூசணம் பிடிச்ச ரெண்டையும் அங்கிள் முதல்ல துடைச்சுக் குடுத்தாரு. ஏழாம் பாட்டுல அந்த இடம் வரும்போது வீட்டுக்காரம்மா அவங்களே பாடிடறாங்க. வெள்ளிக்கிழமை மண்டபத்துல நடுவுல பொம்பளை குரல் கேட்டுச்சேன்னு சில பேரு கேட்டீங்க, அது இதுதான்.

இன்னொரு விஷயம். அந்தக் காலத்துல நம்ம கோயில்ல பஜனை, உபயம், திருவிழாவுல பதிஞ்ச கேசட்டு உங்க வீட்லயும் கிடக்கலாம். வெள்ளிக்கிழமை பூசைக்கு வரும்போது கொண்டு வந்து குடுங்க, காசு வேணாம், பேரை மட்டும் எழுதி ஒட்டிடுங்க. நாங்க ஏத்தித் திருப்பிக் குடுத்திடறோம். தயவுசெஞ்சு அதுக்கு முன்னாடி வீட்ல இருக்கிற பழைய செட்டுல போட்டுப் பார்க்காதீங்க. வெள்ளையா பூசணம் இருந்தா துடைக்கவும் வேணாம், அப்படியே கொண்டாங்க.